நூலகத்துக்கு அந்தப் பெரிய புத்தகம் வேண்டாம்

அமராவதி நகரில் எல்லோரும் நலம். அணையில் தண்ணீர் பரவாயில்லை, முதலைப் பண்ணையில் முதலைகளும் சௌக்கியம். தனித்தனியாகக் கேட்பவர்களுக்கு எல்லாம் சேர்த்துச் சொல்லிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். விடையை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது, வழிமுறை வேண்டும் என்று முப்பது வருடம் உங்களிடம் சொன்னவன் நான்.

நம் பழைய மாணவர் குழுவில் பத்து நாளாக ஒரு வாக்குவாதம் ஓடுகிறது. பள்ளி நூலகத்தில் காமிக்ஸுக்கென்று ஓர் அலமாரி வைக்கலாம் என்று ஒரு செட் பிள்ளைகள் கிளம்பி, 40,000 ரூபாய் சேர்த்துவிட்டார்கள். நல்ல காரியம். வாத்தியார் கண்ணில் படாமல் கணக்குப் புத்தகத்துக்குள் ராணி காமிக்ஸை வைத்துப் படித்த கூட்டம், இன்று ஆளுக்கொரு பனியன் யூனிட் வைத்து நடத்துகிற கூட்டம், அதே பள்ளிக்குக் காமிக்ஸ் வாங்கித் தருகிறது. நான் பிடுங்கி வைத்ததை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

சண்டை எதில் என்றால், எதை வாங்குவது என்பதில். குழுவில் பெரும்பான்மை சொல்வது இது: சூப்பர் ஹீரோக்கள் எல்லோரும் ஒரே கதையில் கூடுகிற கிராஸ்ஓவர் தொகுப்புகள் இருக்கின்றனவே, தடித்த அட்டை போட்ட ஆங்கிலப் புத்தகங்கள், அவற்றில் பத்துப் பன்னிரண்டு வாங்கி வைத்தால் போதும். ஒரே புத்தகத்தில் எல்லா ஹீரோவும் வந்துவிடுவார்கள். புதிதாகப் படிக்க வருகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது. நம்மைப் போல இருபது வருடம் விட்டுப்போனவர்களும் மறுபடி பிடித்துக்கொள்ளலாம். பதிப்பாளரே பின்னட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறார் என்று ஒரு தம்பி படம் பிடித்தும் அனுப்பினான்.

பின்னட்டையில் போட்டிருப்பதெல்லாம் உண்மை என்றால் கைடு வாங்கிய எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்க வேண்டும். கிராஸ்ஓவர் புதியவனுக்கு நுழைவாயில் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விட்டுப்போனவனுக்கு ஏற்றது என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏற்கெனவே உள்ளே இருப்பவனுக்கு நடத்துகிற விருந்து அது. வாசலில் நிற்பவனை உள்ளே கூப்பிடுகிற காரியத்தை அதால் செய்ய முடியாது.

முதலில் படிக்கப்போகிறவர்கள் யார் என்று பாருங்கள். இப்போது அந்தப் பள்ளியில் ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மா பாதிப்பேர் நூற்பாலையிலும் பனியன் கம்பெனியிலும் இருக்கிறார்கள். காலையில் கம்பெனி வேன் வந்து அம்மாக்களை அள்ளிக்கொண்டு போனால் இருட்டிய பிறகுதான் கொண்டுவந்து விடுகிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் சில பேர் இருக்கிறார்கள். அவர்கள் தமிழையே இப்போதுதான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளை, 40 நிமிடம். புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள், தொலைந்துபோகும் என்று பயம். ஆகவே அந்தப் பிள்ளையின் கையில் ஒரு கதை இருக்கப்போவது 40 நிமிடம்தான். அதற்குள் அது யார், எவர், என்ன சண்டை என்று புரிந்து, ஒரு முடிவுக்கும் வந்தாக வேண்டும். அடுத்த வாரம் அந்தப் புத்தகம் வேறொரு பிள்ளை கையில் இருக்கும்.

இந்த 40 நிமிடத்தை மனதில் வைத்துக்கொண்டு கிராஸ்ஓவர்களின் சரித்திரத்தைப் பாருங்கள். நான் தூக்கி எறிகிற ஆள் இல்லை, தேடிப் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

மார்வெல் கம்பெனி 1984-ல் 'சீக்ரெட் வார்ஸ்' என்று 12 இதழ் போட்டது. மேட்டல் என்ற பொம்மைக் கம்பெனி ஹீரோ பொம்மைகள் செய்ய ஒப்பந்தம் போட்டது, அதற்குத் தோதாக ஒரு கதை வேண்டியிருந்தது, அதனால் வந்தது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பனியன் ஆர்டர் வந்தால்தானே நாமும் நிட்டிங் மெஷினை ஓட்டுகிறோம். ஹீரோக்களையும் வில்லன்களையும் தூக்கி ஒரு தனி கிரகத்தில் போட்டுச் சண்டை போட விடுகிற கதை. இருப்பதிலேயே புதியவனுக்குக் கொஞ்சமாவது புரிகிற கிராஸ்ஓவர் இதுதான் என்பேன். ஆனால் அதிலும் செய்த வேலையைக் கேளுங்கள். ஸ்பைடர்மேனின் சொந்தப் புத்தகத்தில், 1984 மே தேதியிட்ட 252-ஆம் இதழில், அவர் திடீரென்று கறுப்பு உடையில் வந்து நிற்கிறார். எங்கிருந்து வந்தது அந்த உடை? அது 'சீக்ரெட் வார்ஸ்' எட்டாவது இதழில்தான் தெரியும். அந்த இதழின் தேதி டிசம்பர். ஸ்பைடர்மேனை மட்டும் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன், தன் ஆள் ஏன் உடை மாற்றினார் என்று தெரிந்துகொள்ள ஏழு மாதம் காத்திருந்து இன்னொரு புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நம் பள்ளியில் அந்த இன்னொரு புத்தகம் இருக்குமா?

அடுத்த வருடம் டிசி கம்பெனி 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்று ஆரம்பித்தது. அதுவும் 12 இதழ், 1985-லிருந்து 86 வரை. மார்வ் உல்ஃப்மன் எழுத்து, ஜார்ஜ் பெரெஸ் ஓவியம். ஐம்பது வருடக் கதைகளில் பூமிகள் பல, ஒரே ஹீரோவுக்கு இரண்டு மூன்று வடிவம் என்று குழம்பிக் கிடக்கிறது, புதிய வாசகனுக்குப் புரியவில்லை, எல்லாவற்றையும் உருக்கி ஒன்றாக்குவோம் என்பதுதான் அதன் நோக்கங்களில் முக்கியமானது. அதாவது புதியவனுக்காகவே செய்தது. சரி, புதியவன் அதைப் படித்தால் புரியுமா? எந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறோம் என்று தெரிய வேண்டுமென்றால் அந்தக் குழப்பம் முழுவதும் முதலில் தெரிந்திருக்க வேண்டும்! ஒரு பக்கத்தில் முப்பது நாற்பது பேர் பறக்கிறார்கள். பெரெஸ் மகா ஓவியர், ஒவ்வொரு முகத்தையும் கவனமாகப் போட்டிருக்கிறார், அதில் மாற்றுக் கருத்தில்லை. அத்தனை முகத்தையும் முன்பே அறிந்தவனுக்குத்தான் அது திருவிழா.

அந்தக் கதையின் நடுவில் சூப்பர்கேர்ள் சாகிறாள். அதற்கு அடுத்த இதழில் ஃப்ளாஷ் சாகிறார். இருபத்தைந்து வருடமாக அவர்களைப் படித்துக்கொண்டிருந்த அமெரிக்க வாசகர்களுக்கு அது வீட்டுத் துக்கம். முதல் முறையாகப் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளைக்கு? யார் என்றே தெரியாத ஒரு வீட்டு எழவுக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்த மாதிரி. எல்லோரும் அழுகிறார்கள், நாமும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், எப்போது எழுந்து போகலாம் என்று வாசலைப் பார்க்கிறோம். புதியவனுக்குக் கதை புரியாமல் போவதுகூடப் பெரிதில்லை. சொல்லிக்கொடுத்தால் புரிந்துகொள்வான். சம்பாதிக்காத துக்கத்தை அவனிடம் கேட்கிறார்களே, அங்கேதான் மனது விட்டுப்போகிறது. "எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, எனக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை, படிப்பு எனக்கு வராது போல" என்று ஒரு பிள்ளை முடிவுகட்டிவிடும். கணக்கில் இதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். பின்னம் தெரியாத பிள்ளையை இயற்கணிதத்தில் உட்கார வைத்தால், "எனக்குப் பின்னம் தெரியாது" என்று அது சொல்லாது. "எனக்குக் கணக்கு வராது" என்றுதான் சொல்லும்.

உங்களில் முக்கால்வாசிப்பேர் கம்பெனி வைத்திருக்கிறீர்கள். புதிதாக வேலைக்கு வந்த ஆளை முதலில் கைமடிக்குத்தானே விடுகிறீர்கள்? டெய்லர் பக்கத்தில் நின்று பீஸை எடுத்துக் கொடுத்து, மடித்து, எது கழுத்து, எது கை, எது பாடி என்று கண்ணுக்குப் பழக்கமான பிறகுதானே ஓவர்லாக் மெஷினில் உட்கார வைக்கிறீர்கள்? ஷிப்மென்ட் கிளம்புகிற ராத்திரி, எல்லா செக்‌ஷனும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது ஒரு புது ஆளைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தி, "இதுதான் கம்பெனி, கத்துக்கோ" என்று எந்த முதலாளியாவது சொல்வாரா?

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. மூன்று வாதம் வைத்திருக்கிறார்கள், மூன்றும் மதிக்கத்தக்கவை.

ஒருவன் எழுதினான்: "சார், நான் கைதி பாக்காமயே விக்ரம் பாத்தேனுங்க. நல்லாப் புரிஞ்சுதே?" புரிந்திருக்கும் கண்ணு. 2022-ல் வந்த 'விக்ரம்' படத்தின் முதல் பாதியில், முகமூடி போட்டுக் கொலை செய்கிறவர்கள் யார் என்று பகத் பாசில் துப்புத் துலக்குகிறார். அது முழுக்க அந்தப் படத்துக்கே சொந்தமான கதை. நமக்கு என்ன தெரியாதோ அது அவருக்கும் தெரியாது. நம் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் நடக்கிறார். 2019-ல் வந்த 'கைதி'யின் ஆட்கள் வந்து சேருகிற இடங்கள் ஏற்கெனவே பார்த்தவனுக்கு விசில் அடிக்க, பார்க்காதவனுக்கு நஷ்டமில்லை. அப்படியிருந்தும் படம் வெளியாவதற்கு முதல் நாள் லோகேஷ் கனகராஜே 'கைதி'யை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். நம் கிணத்துக்கடவுக்காரர், நியாயமாகச் சொல்லிவிட்டார். பின்னட்டையில் 'நுழைவாயில்' என்று போடவில்லை. 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 2019-ல் வந்தபோது அது அந்த வரிசையில் 22-ஆவது படம். தமிழில் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார், சண்டைக்கு வந்தவர்கள் அதற்காக வந்தார்கள். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை முதல் படமாகப் பார்த்து அயர்ன்மேனுக்காக அழுதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், பார்க்கிறேன்.

இரண்டாவது வாதம் என் சொந்த மச்சானிடமிருந்து. "மகாபாரதமே பெரிய கிராஸ்ஓவர்தானே மாப்பிள்ளை, அதைப் படிக்கக் கூடாதுன்னு சொல்லுவீங்களா?" மச்சான் எப்போதும் இப்படித்தான், பாரதத்தை இழுக்காமல் பேச மாட்டார். சரி, பாரதத்துக்கே வருகிறேன். வடக்கே தெருக்கூத்தில் துரியோதனன் நேராக மேடைக்கு வந்து கத்தியைச் சுழற்றுவதில்லை. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் நின்று, தான் யார், எந்த நாட்டு ராஜா, தன் வீரம் என்ன என்று பாடிவிட்டுத்தான் வெளியே வருவான். வந்த பிறகும் கட்டியங்காரன், நீங்கள் யார், என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேட்பான். பார்க்க உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் துரியோதனனைத் தெரியும். தெரிந்தும் கேட்கிறான். ஏன்? அப்பன் மடியில் முதல் முறையாக உட்கார்ந்திருக்கிற நாலு வயசுப் பிள்ளைக்காக. நம் கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடுகிறவர் பல ராத்திரி பாடுவார். ஒவ்வொரு ராத்திரியும் நேற்று விட்ட இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார். அந்த மரியாதையை எந்தக் கிராஸ்ஓவர் புத்தகமாவது புதியவனுக்குக் கொடுக்கிறதா என்று மச்சான் காட்டட்டும், நான் பேசாமல் இருந்துவிடுகிறேன்.

மூன்றாவது வாதம் ஓர் ஆசிரியையிடமிருந்து, அவளும் என் மாணவிதான். "பிள்ளைகளுக்கு நடுவுல இருந்து படிக்கிறது ஒரு பிரச்சனையே இல்லைங்க சார். நாமதான் பயப்படறோம். அதுக படத்தைப் பாத்தே பாதிக் கதையைப் புடிச்சுக்கும்." இதுதான் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்த வாதம். உண்மைதான் அம்மிணி. நாங்களும் டூரிங் டாக்கீஸில் பாதிப் படத்தில் நுழைந்து, அடுத்த ஆட்டத்தில் முதல் பாதியைப் பார்த்த ஆட்கள்தான். ஆனால் முதல் பாதி அங்கேயே இருந்தது, அடுத்த ஆட்டத்திலேயே வந்தது. கிராஸ்ஓவரில் முதல் பாதி எங்கே இருக்கிறது? ஐம்பது வேறு புத்தகங்களில். அதுவும் ஆங்கிலத்தில், விற்று முடிந்துபோன பதிப்புகளில். அமராவதி நகர் பிள்ளை அதற்கு எங்கே போகும்? மார்வெலின் 'சிவில் வார்' 2006-ல் வந்தது. மூலக்கதை 7 இதழ்தான், ஆனால் அதன் கிளைகள் அந்தக் கம்பெனியின் மற்ற மாத இதழ்களுக்குள் எல்லாம் ஓடின. ஊரில் புத்தகக்கடை வைத்திருக்கிற பிள்ளைக்கு அது தேடல், விளையாட்டு. கடையே இல்லாத ஊரில் அது அடைத்த கதவு.

இப்போது விட்டுப்போனவர்களுக்கு வருகிறேன். அதாவது உங்களுக்கு. எனக்கும்தான்.

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. 1984-ல் லயன் காமிக்ஸ் மாடஸ்டியோடு வந்தது. அதே வருடம் ஜேம்ஸ்பாண்டோடு ராணி காமிக்ஸும் வந்தது. இதில் ஒரு வேடிக்கை, முத்துவில் மாயாவி என்றால் இரும்புக்கைக்காரர், ராணியில் மாயாவி என்றால் முகமூடி போட்ட வேதாளர். இரண்டையும் படித்தவன் குழம்பவில்லை, ஏனென்றால் இரண்டு பேரும் ஒரே கதையில் மோதிக்கொள்ளவில்லை. அந்த மாயாவி, லயனில் வந்த ஸ்பைடர், இரும்பு மனிதன் ஆர்ச்சி, இந்த மூன்று பேரும் இங்கிலாந்து வார இதழ்களிலிருந்து நமக்கு வந்தவர்கள். அங்கே அவர்களை எப்போதோ மறந்துவிட்டார்கள். நாம்தான் சோறு போட்டு வளர்த்தோம். (நம் ஸ்பைடர் வேறு, அமெரிக்க ஸ்பைடர்மேன் வேறு. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். நம் ஸ்பைடரின் கதைகளைப் பின்னாளில் எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்.)

இந்த மூவரும் ஒரே கதையில் வந்தால் எப்படி இருக்கும் என்று கனவு கண்டதுண்டா? கனவு காண வேண்டாம், வந்தாகிவிட்டது. 'ஆல்பியன்' என்று 6 இதழ், 2005-06-ல். கதையமைப்பு ஆலன் மூர், எழுதியது அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு மாணவன் தொகுப்பை வாங்கி எனக்கு அனுப்பிவைத்தான். விட்டுப்போன வாசகன் என்றால் என்னைவிடப் பொருத்தமானவன் யார்? இரண்டு நாளில் படித்துவிட்டேன்.

நம் ஆட்களை எல்லாம் அந்த நாட்டு அரசாங்கமே ரகசியமாக ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டைக்குள் அடைத்துவைத்திருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோகிற மாயாவி, உலகத்தையே ஆட்டிவைக்கப் பார்த்த ஸ்பைடர், எல்லோரும் கைதிகள். கெட்டிக்காரத்தனமான கற்பனை, சந்தேகமில்லை. மாயாவியைப் பார்த்தவுடன் எனக்கு ஒரு சிலிர்ப்பு வந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சிலிர்ப்பு இரண்டு பக்கத்துக்குத்தான். சுற்றி நிற்கிற கேப்டன் ஹரிகேன், கிரிம்லி ஃபீண்டிஷ் எல்லாம் யார்? இங்கிலாந்துக்காரனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவர்களைப் பார்த்து அவன் சிரிக்கிற இடத்தில் நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் போல பாதி தெரிந்தவனுக்கு, ஒன்றுமே தெரியாதவனைவிடச் சங்கடம் அதிகம். இன்னொன்று, எனக்கு வேண்டியிருந்தது மாயாவியின் ஒரு சாகசம். கிடைத்தது மாயாவி என்ன ஆனார் என்ற விசாரணை. பழைய சிநேகிதனைத் தேடிப் போனால் அவனோடு உட்கார்ந்து ஒரு காபி குடிக்க விடாமல், அவன் கேஸ் கட்டைக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

விட்டுப்போனவன் விட்ட இடத்தைத்தான் தேடுகிறான். கிராஸ்ஓவர்களில் பாதி அந்த இடத்தையே இடித்துவிடுகின்றன. டிசி 2011-ல் 'ஃப்ளாஷ்பாயின்ட்' என்ற கிராஸ்ஓவரை நடத்திவிட்டு, எல்லாப் புத்தகங்களையும் மறுபடி முதல் இதழ் என்று தொடங்கியது. சூப்பர்மேன் பிறந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' 1938-லிருந்து எண்ணிக்கொண்டு வந்து 904-ஆம் இதழில் நின்று, மறு மாதமே இதழ் 1 ஆனது. எல்லாம் புதியவர்களுக்காகவும் விட்டுப்போனவர்களுக்காகவும் என்றுதான் சொன்னார்கள். பிறகு என்ன நடந்தது? 2016-ல் 957 என்று பழைய கணக்குக்கே திரும்பி வந்தார்கள். கணக்கு வாத்தியார் கேட்கிறேன், புதுக்கணக்கு அவ்வளவு லாபமாக இருந்தால் பழைய பேரேட்டை எதற்குத் தூசி தட்டி எடுக்க வேண்டும்?

நம் லயனும் முத்துவும் நடுவில் தடுமாறி, 2012-ல் மறுபடி எழுந்து வந்தன. விட்டுப்போன எத்தனையோ பேர் திரும்பி வந்தீர்கள். உங்களை எது கொண்டுவந்தது? மாயாவியும் டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும் கைகோத்து உலகத்தைக் காப்பாற்றிய கதையா? டெக்ஸ் தனியாகக் குதிரையில் வந்தார், ஒரு வழக்கை முடித்தார், போய்விட்டார். நீங்கள் 1985-ல் பார்த்த அதே டெக்ஸ். நடுவில் எத்தனை புத்தகம் தவறவிட்டீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

அம்புலிமாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். விக்கிரமாதித்தன் மாதாமாதம் மரத்தில் ஏறினான், மாதாமாதம் வேதாளத்தைத் தோளில் போட்டான், மாதாமாதம் அது ஒரு கதை சொல்லிவிட்டு மறுபடி மரத்துக்குப் போனது. சங்கர் போட்ட அந்தப் படத்தை எத்தனை வருடம் பார்த்தோம்! போன மாதம் வாங்கவில்லையா, பரவாயில்லை. பத்து வருடம் வாங்கவில்லையா, அதுவும் பரவாயில்லை. எந்த மாத இதழும் முதல் இதழ்தான். அதை எழுதியவர்களுக்குத் தங்கள் வாசகர் வீட்டில் மாதாமாதம் காசு இருக்காது என்று தெரிந்திருந்தது.

ஆகவே என் யோசனை இது. லக்கி லூக் தமிழில் கிடைப்பதை எல்லாம் வாங்குங்கள். ஒரு புத்தகம், ஒரு கதை, சிரிப்பு, 40 நிமிடத்தில் முடியும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையும் படத்தைப் பார்த்தே சிரித்துவிடும், பிறகு வசனத்தைத் தேடி வரும். இரும்புக்கை மாயாவியின் மறுபதிப்புகள் இருக்கின்றன. ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்தவர், ஒரு கை போய் இரும்புக்கை வைத்தவர், மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து அந்தக் கை மட்டும் தெரியும். அவ்வளவுதான், ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன் பாருங்கள், இனி எந்தப் புத்தகத்தையும் எடுத்துப் படிக்கலாம். டெக்ஸ் வில்லர் எட்டாவதுக்கு மேல். துப்பாக்கிச் சத்தம் அதிகம், தலைமையாசிரியர் முணுமுணுப்பார், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் உண்டு, குழுவில் யாருக்கும் ஞாபகம் வராதது எனக்குக் கொஞ்சம் வருத்தம். பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு அம்மையார் நம் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் வந்து தங்கி, 1965-ல் அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டாகப் பதிவு செய்தார். பல வருடம் கழித்து அதையே 26 பகுதி அனிமேஷன் தொடராகவும் சித்திரக்கதைப் புத்தகங்களாகவும் கொண்டுவந்தார். பொன்னர், சங்கர், தங்காள் எல்லாம் நம் மண்ணில் நடந்தவர்கள் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்தச் சித்திரக்கதையைத் தேடிப் பிடித்து வாங்க யாராவது பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கிராஸ்ஓவரே கூடாதா என்று கேட்பீர்கள். மூன்று வருடம் இந்த அலமாரியைப் படித்து முடித்த ஒரு பிள்ளை, "ஐயா, இவங்க எல்லாரும் ஒண்ணாச் சேந்தா என்னாகும்?" என்று தானாகக் கேட்கட்டும். அன்றைக்கு 'கிரைசிஸ்' புத்தகத்தை என் பென்ஷன் காசில் நானே வாங்கித் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் குழுவில் உங்கள் முடிவைப் போடுங்கள். திங்கட்கிழமை ஆர்டர் போட வேண்டும் என்கிறார்கள். வீட்டில் பரணில் பழைய லயன், முத்து, ராணி வைத்திருப்பவர்கள் கரையான் அரிக்கும் முன்னால் எடுத்துக் கொடுங்கள். உடுமலைப் பக்கம் வருகிறவர்கள் என் வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போகலாம், நான் அட்டை போட்டு வைக்கிறேன். திருப்பூரில் இருப்பவர்கள் யாராவது ஒருவர் வீட்டில் சேர்த்து வையுங்கள், அடுத்த மாதம் கண் ஆஸ்பத்திரிக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன். மச்சானின் பதிலைக் கீழே எதிர்பார்க்கிறேன்.